ஏறிப்போன சுருதியில் ஒரு பல்லவி

அன்று எங்கள் இசைக் கல்லூரி ஆண்டு விழா மேடையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் குழுவின் பாடகியை நாங்கள் தீப்பெட்டி என்று கூப்பிடுவோம். காலையில் விடுதிக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "அப்பா வந்திருக்காரு. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான். இந்தப் பாட்டுப் படிப்பு போதுமாம், அண்ணன் மாதிரி கணக்குப் படிக்கணுமாம். மேடையில அதை உளறி வெச்சிடாதடி."

உளறவில்லை. அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் வரிசையில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினேன். பேசியது இது:

எங்கள் இரைச்சலை ஆண்டு முழுவதும் அடுத்த அறையில் அமர்ந்து பொறுத்தருளிய பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே! கைகளைத் திருத்தி, காதுகளைத் திறந்த ஆசிரியப் பெருமக்களே! "பொம்பளப் புள்ளைக்கு டிரம்ஸா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு பேருந்துக்கும் பணம் கொடுத்து அனுப்பிய தாய்மார்களே! "பாட்டுப் பாட எதுக்குக் காலேஜு?" என்ற கேள்வியை இன்றும் விடாமல் கொண்டுவந்திருக்கும் தந்தையரே! தோழமைகளே! உங்கள் அனைவருக்கும் தாளம் தப்பாத வணக்கம்.

அந்தக் கேள்வியை நான் குறை சொல்லவில்லை. நியாயமான கேள்வி. மெல்லிசை எங்கேதான் இல்லை? பேருந்தில் இருக்கிறது, முடிதிருத்தும் கடையில் இருக்கிறது, குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருக்கிறது! கூப்பிடாமலே வருகிற ஒன்றை ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து படிப்பானேன்?

(முன்வரிசையில் ஓர் ஐயா தலையாட்டுகிறார். ஆட்டுங்கள் ஐயா. பேச்சு முடியும்போது எந்தப் பக்கம் ஆட்டுகிறீர்கள் என்று பார்க்கிறேன்.)

நான் டிரம்ஸ் வாசிக்கிறவள். எல்லோருக்கும் பின்னால் உட்காருகிறவள். நீங்கள் பாடகியின் முகத்தைப் பார்ப்பீர்கள். எனக்கு வாய்த்தது முதுகு. எந்தத் தோள் எப்போது ஏறும், எந்த மூச்சு எங்கே முடியும் என்பதுதான் என் பாடம். அப்படி நான் பார்த்த ஒரு முதுகின் கதையைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் மேடைத் தேர்வு. எங்கள் குழுவில் நால்வர். நான், பாடகி தீப்பெட்டி, பேஸ் கிட்டார் வாசிக்கும் மௌனி, கீபோர்டு வாசிக்கும் டாக்டர். டாக்டர் என்றதும் எழுந்து நிற்காதீர்கள்! ஊரில் உள்ளவர் குற்றமெல்லாம் கண்டுபிடிப்பதால் வந்த பட்டம் அது. "உன் டிரம்முக்குக் காய்ச்சல், தோலை இறுக்கு. மௌனி, உன் பேஸுக்கு ரத்தசோகை" என்பான்.

அப்பேர்ப்பட்ட டாக்டர், தன் பெட்டியைப் பார்க்க மறந்தான். எங்களுக்கு முன்னால் பாடிய குழு, அதே கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை அமுக்கி, இரண்டு கட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தது. இவன் இறக்கவில்லை. கம்பீரமாகத் தொடங்கினான். முதல் ஒலியிலேயே தீப்பெட்டியின் தோள் இறுகியதை நான் பார்த்தேன்.

அவள் எட்ட முடியாத உயரத்தில் பாட்டு நிற்கிறது. நடுவில் பொத்தானை அமுக்கினால், ஓடும் ரயிலுக்கு அடியில் தண்டவாளத்தை மாற்றுவது போலாகும். என்ன செய்வாள்?

நிறுத்தலாம். தேர்வு விதி அதை அனுமதிக்கிறது. பாட்டை நிறுத்திக் கை தூக்கினால் மற்றவர்களுக்கு மறுவாய்ப்பு. யார் தவறால் நின்றதோ, அவருக்குத் தோல்வி. டாக்டர் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவன். இன்னொரு முறை என்றால் படிப்பே இல்லை. நிறுத்தினால் இவள் பிழைப்பாள், அவன் போவான். நிறுத்தாவிட்டால் இவள் குரல் உடையும், மதிப்பெண் உடையும். அந்த மதிப்பெண் அவளுக்கு எவ்வளவு தேவை என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அவள் கை தூக்கவில்லை.

முதலில் மௌனியைச் சொல்ல வேண்டும். டாக்டரின் விரல்கள் ஒரு சுருதியைக் காட்டுகின்றன; காதில் விழுவது வேறு சுருதி. கண்ணை நம்புவதா, காதை நம்புவதா? அவன் காதை நம்பினான். ஒரு சொல் பேசாமல் விரல்களை மேலே நகர்த்தி, சரியான இடத்தில் வந்து சேர்ந்தான். சரணத்தை அவள் எப்படியோ பிடித்துக்கொண்டாள். பல்லவி வந்தது. எங்கள் பாட்டு சரணத்தில் தொடங்கிப் பல்லவிக்கு ஏறும்; அதில் உச்சமே பல்லவிதான். நான் ஓங்கி அடிக்கக் குச்சியைத் தூக்கிவிட்டேன். அப்போது அவள் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. விரல்கள் மூடின. எங்கள் வழக்கத்தில் அதற்கு ஒரே பொருள்: எல்லோரும் அடங்குங்கள்.

அடங்கினோம்! தூக்கிய குச்சியைத் தூக்கியபடியே வைத்து, மறுகையால் டிரம்மின் விளிம்பை மட்டும் தொட்டேன். டாக்டர் ஒற்றை விரலுக்கு இறங்கினான். அவள் மைக்கை உதட்டோடு சேர்த்து, உச்சத்தில் பாட வேண்டியதைக் கீழ் ஸ்தாயியில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலப் பாடினாள். இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். அரங்கமே முன்னால் சாய்ந்தது.

(கைதட்டாதீர்கள், பொறுங்கள். இன்னும் மிச்சம் இருக்கிறது.)

முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்: "பல்லவியை இறக்கிப் பாடணும்னு யாரும்மா முடிவு பண்ணது?"

"நாங்கதான் சார். ஒத்திகையிலேயே."

கூசாமல் சொன்னாள். பின்னாலிருந்து ஒரு குரல். டாக்டர் எழுந்து நிற்கிறான். "பொய் சார். பொத்தானைப் பாக்காதது நான்தான். இவ என்னைக் காப்பாத்துறா."

"உட்காருடா லூசு!" என்றாள் தீப்பெட்டி, மைக்கை அணைக்காமல்!

அரங்கம் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "பாட்டு நிக்கலையே. நிக்காத பாட்டுக்கு நான் எப்படித் தோல்வி போடறது?"

தந்தையரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குரல் பிறப்பில் வரலாம். கூடப் பாடுகிறவனின் தவறு காதில் விழுந்த கணத்தில், அவனைத் தள்ளிவிடாமல் தன் உச்சத்தைத் தானே இறக்கி வைக்கும் துணிவு பிறப்பில் வருமா? கத்த வேண்டிய இடத்தில் அடங்கும் அடக்கம் குளியலறையில் வருமா? ஒரு மூடிய கையைப் பார்த்ததும் மூன்று பேர் ஒரே மூச்சாய் மாறும் பழக்கம் பேருந்தில் வருமா? வராது! ஜன்னலில்லாத ஒத்திகை அறையில், ஒரே பல்லவியை ஓயாமல் பாடி, ஒருவரை ஒருவர் திட்டி, திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு வந்தது அது. அதற்குத்தான் கல்லூரி. அதைத்தான் படிக்கிறோம்!

இவ்வளவு நேரம் வாசிக்காமல் பேசிய ஒரு டிரம்ஸ்காரியைப் பொறுத்துக்கொண்டீர்கள். உங்கள் செவிகளுக்கு என் நன்றி, உங்கள் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. வணக்கம்.

கூட்டம் கலைந்ததும் தீப்பெட்டியின் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மகளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"அன்னைக்குத் தொண்டை வலிக்கலையா?"

"இல்லப்பா. அடியிலதானே பாடினேன்."

"ம். சாப்பிட்டியா?"

இருவரும் கல்லூரி உணவகத்தில் சாப்பிட்டார்கள். மாலைப் பேருந்தில் அவர் மட்டும் ஊருக்குப் போனார்.