சண்டை போடாம போட்ட கையெழுத்து

இருங்க வெர்ன் அங்கிள், என்ன அவசரம்? ஃபாரம் நிரப்பிட்டா ஆச்சா? வாங்கறவரு மேல கேஸ் எதாவது இருக்கான்னு சோதனைக்கு அரசாங்கத்துக்கு ஃபோன் பண்ணி, அங்கேருந்து பதில் வரணும்ல? உக்காருங்க. அப்பா பில்லிங்ஸ் டவுனுக்குப் போயிருக்காரு, கடைக்கு இன்னிக்கு நான்தான்.

ஆமா, ஒண்ணு கேக்கறேன். துப்பாக்கி வாங்கற இந்த ஃபாரம், யார்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அரசாங்கம் எடுக்கற கணக்கெடுப்புன்னு இதே மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தினது யாரு? நாளைக்கு எவனாவது துப்பாக்கியைப் பிடுங்க வாசல்ல வந்து நிப்பான், சாகற வரைக்கும் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்னது யாரு? நான் மிசூலா காலேஜுல நாலு புத்தகம் படிச்சுட்டு வந்து, ஃபாரம் எங்க பீரோவுலதானே கிடக்குது, குத்தம் எதாவது நடந்தாத்தானே கேப்பாங்க, அது எப்படிப் பதிவாகும்னு கேட்டா, கடையை மூடினா அந்தப் பீரோ எங்கடி போகும் வாயாடின்னு மடக்கினீங்களே! அரசாங்கத்துக்கிட்டதான் போகும். சரி, அது உங்க பக்கம்.

இப்ப என் பக்கம். வாங்கினவன் நாளைக்கே இன்னொருத்தனுக்கு வித்துட்டா ஃபாரத்துக்கு என்ன தெரியும்? நீங்க அக்கம்பக்கத்துல வாங்கின துப்பாக்கியெல்லாம் எந்தக் காகிதத்துல இருக்கு? அப்ப எது பதிவு? சொல்லுங்க. காலேஜுக்குப் போயி மூளை கெட்டுப்போச்சுன்னு திட்டுங்க.

என்ன, நான் சொன்னா சரியாத்தான் இருக்குமா? அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க அங்கிள். எவன் வந்து நின்னா எனக்கென்னன்னு ஆயிடுச்சா உங்களுக்கு?

உங்க சம்சாரம் ஜோன் ஆன்ட்டி இறந்துபோனப்புறம் உங்க வீட்டுத் துப்பாக்கி மொத்தத்தையும் உங்க தங்கச்சி கெயில் ஆன்ட்டி பயந்துபோயி எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். இன்னிக்கு வந்து எதுன்னாலும் குடுன்னீங்க. விலை கேக்கல. குண்டு சின்ன டப்பா போதும்னீங்க. நாய் எங்கன்னு கேட்டேன், பக்கத்துப் பண்ணைக்குக் குடுத்துட்டேன்னீங்க. அப்புறம் பேனாவை எடுத்து, வாயே திறக்காம, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டீங்க.

பதில் ஏன் இன்னும் வரலையா? வராது அங்கிள். சோதனைக்கு நான் ஃபோனே பண்ணல. உள்ள போயி நான் பேசினது கெயில் ஆன்ட்டிகிட்ட. வண்டியை எடுத்துட்டாங்க, வந்துக்கிட்டிருக்காங்க.

முறைங்க, நல்லா முறைங்க. கதவு திறந்துதான் இருக்கு, நான் பூட்டல. ஆனா அவங்க வர்ற வரைக்கும், கொஞ்ச நேரம், என்கூட சண்டை போடுங்களேன்.