வழுக்கை விலாங்கு

— இன்னொரு தடவை படி, சைமி. மெதுவா.

— மூணு தடவை ஆச்சு, இல்மாரி. காபி ஆறிப்போச்சு, ஏலக்காய் ரொட்டி கல்லாப் போச்சு. "வழுக்கை விலாங்கு கையில் இரண்டு ராஜா. ஆர்னே சிறிய பந்தயம் கட்டினார். வழுக்கை விலாங்கு சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினார்." போதுமா?

— ரெண்டு ராஜாவை வெச்சுக்கிட்டு விலகுறான் பாரு. அந்த மண்டைக்குள்ள மூளை இருக்காது, கடல்பாசிதான் இருக்கும்.

— ஒரு சந்தேகம். மத்தவங்க சீட்டெல்லாம் மறைச்சிருக்கு. இவன் சீட்டு மட்டும் எப்படித் தெரியுது?

— இப்பேர்ப்பட்ட முட்டாளை மறைக்கக் கம்ப்யூட்டருக்கே மனசு வரலை.

— சங்கத்துக்காரங்களோட கம்ப்யூட்டர்ல ஆடின சீட்டாட்டப் பதிவு. இதுக்கா நூலகத்துல போய் எழுபது பக்கம் அச்சடிச்சுட்டு வந்தே?

— ஆட்டத்தைத் தேத்த வேண்டாமா? புதுசா நூறு ஆட்டம் ஆடுறதை விட, முடிஞ்ச ஆட்டம் ஒண்ணைத் திருப்பிப் பார்க்கிறதுதான் படிப்புன்னு சீட்டாட்டம் சொல்லித்தர்ற ஒரு ஸ்வீடன்காரன் வீடியோவுல சொல்றான். நாளன்னைக்கு நம்ம துறைமுகச் சங்கத்துக் கடைசி ஆட்டம். கடைசியா வர்றவன் குளிர்காலம் பூரா சங்கத்து நீராவிக் குளியலறைக்கு, அந்தச் சவுனாவுக்கு, விறகு பிளந்து அடுப்பு மூட்டணும். என் முதுகு தாங்குமா?

— தாங்காது. காலுறை மாட்டக் குனிஞ்சவனை நான்தானே நிமிர்த்தி விட்டேன்.

— அப்ப புரிஞ்சுக்கோ. எட்டு பேர்ல எனக்குக் கீழே ஒருத்தன் கிடந்தாப் போதும். இதோ, கடவுளாப் பார்த்து அனுப்பியிருக்கார்.

— திரையில இவனைப் பார்த்திருக்கியா நீ?

— எங்கே. எல்லார் பேரும் வட்டமாத் தெரியும், என் இடத்துல 'நீ'ன்னு போட்டிருக்கும். இவன் மட்டும் கண்ணுல சிக்குறதில்லை. ஒளிஞ்சு ஆடுறான். பேருக்கேத்த விலாங்கு.

— சரி. இந்த எழுபது பக்கத்துல இல்மாரிங்கிற பேரு எங்கேயாவது இருக்கா?

— எப்படி இருக்கும்? தப்பு பண்றவனைத்தானே எழுதும். அடுத்ததைப் படி.

— "சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. வழுக்கை விலாங்கு நாற்பது நிமிடமாக அசையவில்லை. அவர் சீட்டு தானாகவே கவிழ்க்கப்பட்டது."

— நடு ஆட்டத்துல உசுர விட்டுட்டானோ என்னவோ.

— சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நீ எங்கே இருந்தே?

— இதென்ன கேள்வி. நம்ம வீட்டுச் சவுனாவுலதான். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மனுஷன் வேற எங்கே இருப்பான்?

— மனுஷா, மனுஷா. உன்னோட நாற்பத்தொரு வருஷம் எப்படித்தான் ஓட்டினேனோ.

— பெருமூச்சு அப்புறம் விடு. இன்னொண்ணு சொல்றேன், அசந்துடுவே. காலையில சங்கத்துல மனு எழுதிக் கொடுத்துட்டேன். 'இந்த விலாங்கு யாரா இருந்தாலும் சரி, கடைசி ஆட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அவன் ஆட்டம் சீட்டுக்கே அவமானம். விறகு வேலையை இப்பவே அவன் தலையில கட்டுவோம்.'

— கொடுத்துட்டியா?

— கொடுத்தாச்சு. ஒருத்தன் மறுக்கலை. ஏழு பேரும் பேனாவைப் பிடுங்கிப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாங்க. ஆர்னே மேஜையில விழுந்து சிரிச்சான், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 'இல்மாரி, இப்படி ஒரு நேர்மையை இந்தக் கடற்கரையே கண்டதில்லை'ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

— ஏழு பேரா. எட்டாவது கையெழுத்து?

— என்னோடது. முதல்ல போட்டதே நான்தான். ஏன் எழுந்திரிக்கிறே?

— கொட்டகையில கோடாரி துருப்பிடிச்சுக் கிடக்கு, எண்ணெய் போடணும். இல்மாரி, அந்த ஆட்டத்துல உன்னைச் சேர்த்து விட்டது யாரு, ஞாபகம் இருக்கா?

— நீதானே. நான் வாசல்ல வலையிலேர்ந்து மீன் எடுத்துக்கிட்டிருந்தேன். கையெல்லாம் செதில்.

— ஆமா. 'ஆட்டக்காரர் பேர் என்ன'ன்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. நான் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். தலையில தொப்பி இல்லாம, கையில ஒரு விலாங்கோட நின்னுக்கிட்டிருந்தே.