நின்றுகொண்டே போகிற கல்லூரி

வண்ணார்பேட்டையில் நான் ஏறிய ஸ்ரீவைகுண்டம் பேருந்தில், முன்னிருக்கையில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

“ரெண்டு நாளா காலையில பாலத்துப் பக்கம் நின்னு பாத்துட்டேன்ட்டி. எந்தக் காலேஜ் பஸ்ல பிள்ளையள் நின்னுகிட்டே போவுதோ, அதான் நல்ல காலேஜ்.”

“யப்பா, அது பஸ் பத்தாத காலேஜ்.”

“ஏசி பஸ் வச்சிருக்கவனை ரெண்டாவதா போடு.”

“போன வருசம் எந்த மார்க்குக்கு எங்கன சீட்டு கிடைச்சுது, எத்தனை பேரு பாஸு, எல்லாம் இணையதளத்துலயே கிடக்கு. நீங்க சொல்லுத காலேஜ்ல பாதிப் பேரு தேறல.”

“அப்பம் கண்டிப்பான காலேஜ்.”

முப்பது வருடம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். இப்படியொரு தகுதி விதியை எந்த அரசாணையிலும் படித்ததில்லை.

“வீட்டுக்குப் போனதும் நான் சொல்லுத வரிசையில போட்டுரு.”

“முடியாதுப்பா. காலையில உங்க போனுக்கு வந்த நம்பரை வாசிச்சுச் சொன்னியள்லா?”

“ஆமா, கேஸ் சிலிண்டருக்குன்னியே.”

“அது பட்டியலைப் பூட்டுத நம்பர். பூட்டியாச்சு. இனி மந்திரி நெனச்சாலும் மாத்த முடியாது.”

விதி அதுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவர் பையக் கேட்டார்.

“நீ முதல்ல போட்டிருக்க காலேஜுக்கு நம்ம ஊருல இருந்து காலேஜ் பஸ் உண்டாட்டி?”

“இல்லப்பா. அது கோயம்புத்தூர்ல இருக்கு.”