கிண்ணியா பஸ்ஸில் ஒரு சாட்சி

“ஆர் கேட்டாலும் சிறுத்தை எண்டே சொல்லு” என்றார் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர்.

பக்கத்தில் மனைவி. திருகோணமலையிலிருந்து கிண்ணியா போகும் பஸ். இருவர் மடியிலும் தடித்த குளிர்ச்சட்டைகள். மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“அது மரை. மான் மாதிரிக் கொம்பும் இருந்தது.”

“அந்தப் பனிக்குள்ள உனக்கு என்ன தெரிஞ்சது?”

“எல்லாம் தெரிஞ்சது. அது உங்கட கையில இருந்த வாழைப்பழத்துக்கு வந்தது. நீங்க வேனுக்குள்ள ஓடிப்போய், என்ர முகத்துக்கு முன்னால கதவைச் சாத்தினீங்க.”

“மெல்லக் கதை. வயலில யானை கலைக்கிறவன் நான். மரைக்கு ஓடினனான் எண்டு தெரிஞ்சா இனி ஆர் என்னைக் காவலுக்குக் கூப்பிடுவான்? சிறுத்தை எண்டு ஊருக்கு போன் எடுத்தும் சொல்லிட்டன்.”

“கதவைச் சாத்த முந்தி என்னையும் நினைச்சிருக்கலாம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் அவருடைய கூட்டாளி ஒருவர் ஏறினார்.

“மச்சான், சிறுத்தையை நேருக்கு நேர் கண்டியாமே! மெய்யோ தங்கச்சி?”

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பினார்கள். கணவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் நானா, சிறுத்தைதான்” என்றார் மனைவி.

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இவர் போட்டுட்டு ஓடின வாழைப்பழத்தைத் தோலோட திண்டது.”