ஒற்றை ஷூவோடு நிற்கிறேன்

பம்பு பழுதுபார்க்கும் பட்டறையின் பாதுகாப்பு வார நிறைவு விழாவில், கடைசல் பிரிவுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை

நாற்காலியின் கால் ஆடினாலும் தாம் ஆடாமல் அமர்ந்திருக்கும் நலக்குழுத் தலைவர் அவர்களே! கண்ணாடி அறைக்குள்ளிருந்தே எங்களைக் கண்ணும் கருத்துமாய்க் கவனித்துக்கொள்ளும் மேலாளர் ஐயா அவர்களே! எனக்குப் பின்னால் தொங்கும் இந்த வண்ணப் பதாகையை வழங்கி, அதில் பாதுகாப்பு என்ற சொல்லை விடப் பெரிய எழுத்தில் தம் கடைப் பெயரைப் போட்டுக்கொண்ட கருவி வணிகர் அவர்களே! இரும்போடு மல்லுக்கட்டி இடுப்பைத் தேய்த்துக்கொண்ட மூத்தோர்களே! காலையில் டிபன் பெட்டியை மூடும்போதே, போகிற மனுஷன் முழுசாகத் திரும்ப வேண்டுமே என்று மனத்துக்குள் முணுமுணுக்கும் தாய்மார்களே! இவன் மைக்கைப் பிடித்தால் விட மாட்டானே என்று இப்போதே கொட்டாவி விடும் என் அருமைத் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "பாதுகாப்பு நம் கையில்". அழகான தலைப்பு. கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பொறுங்கள், இந்த மைக் தலையைத் தொங்கப் போடுகிறது. இதன் கழுத்திலிருந்த திருகு உடைந்துவிட்டதால் நம் ஆட்கள் ஒரு போல்ட்டும் நட்டும் போட்டிருக்கிறார்கள். அந்த நட்டு இறுகவில்லை. இருக்கட்டும், இடது கையால் தாங்கிக்கொள்கிறேன். மேடையில் எல்லோரும் எதையாவது தாங்கித்தான் ஆக வேண்டும்.

பாதுகாப்பு நம் கையில் என்கிறார்கள். சரி. நம் கையில் என்ன இருக்கிறது? காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் நம் கையில் எதைத் திணிக்கிறார்கள்? சுத்தியலா அது? இரண்டு அடி அடித்தால் பிடி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். ஸ்க்ரூடிரைவரா அது? திருகைத் திருப்பச் சொன்னால் தன் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. அரமா அது? இரும்பைத் தேய்க்கச் சொன்னால் தானே தேய்ந்து வழுவழுப்பாகி வந்து நிற்கிறது. பெயரில் கருவி, பெட்டியில் பளபளப்பு, பிடித்தால் பல்லிளிப்பு.

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் மட்டும் என்ன வாழ்கிறது? துணியை வெட்டுகிறதா, மெல்லுகிறதா? கேட்டீர்களா, முன்வரிசை அம்மா பதில் சொல்கிறார்: "மெல்லுது தம்பி, துப்பவும் மாட்டேங்குது." இந்த அம்மாவை அல்லவா பேச அழைத்திருக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் புழுதி என்று புலம்புகிற ஆள் நானில்லை. நான் ஓட்டும் கடைசல் இயந்திரம் புதியது. தங்கமான இயந்திரம். புதிதாகவும் நன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியானால் கைக்கருவியை மட்டும் ஏன் கேவலமாகச் செய்கிறார்கள்? இயந்திரம் கெட்டால் உற்பத்தி நிற்கும், மேலே கேள்வி வரும். ஸ்பேனர் கெட்டால் தொழிலாளியின் விரல்தானே போகும்? விரலுக்கு யார் கேள்வி கேட்பார்கள்? தோழர்களே, என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது மச்சான் கதைக்கு வருகிறேன்.

மச்சான் யாரென்று மேடையிலிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பம்பு பிரிக்கும் பிரிவில் வேலை செய்கிறவர். பார்க்கிறவரையெல்லாம் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பட்டறைக்கே அவர் மச்சானாகிவிட்டார். பட்டறைக்கே அவர் மச்சான் என்றால் அவர் மனைவி பட்டறைக்கே தங்கச்சி. அந்தத் தங்கச்சி இதோ மூன்றாவது வரிசையில், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். மச்சான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் இப்போது இல்லை.

நாளைக் காலை விசாரணை. குற்றச்சாட்டு என்ன? "பாதுகாப்புக் காலணி அணியாமல் அஜாக்கிரதையாகப் பணி செய்தார்." அந்தச் சொல் நிலைத்துவிட்டால் நஷ்டஈடு கிடையாது, வேலையும் கிடையாது. விரலை இழந்தவன் வேலையையும் இழக்க வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதையான தீர்ப்பு.

காலில் ஷூ இல்லை என்பது உண்மை. நான் மறுக்கவில்லை. ஏன் இல்லை என்று யாராவது கேட்டார்களா? ஒரு காலில் இருந்த ஷூ மறு காலில் ஏன் இல்லை என்று ஒரு மனிதராவது கேட்டாரா? ஒற்றைக் காலில் மட்டும் ஷூ போடுகிற அளவுக்கு எவனாவது அஜாக்கிரதையாக இருப்பானா?

கேளுங்கள், நான் சொல்கிறேன். நம் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல ஸ்பேனர் என்று இந்தப் பட்டறை முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பழையது. யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பட்டறை கொடுக்காத வெளிக் கருவி வைத்திருந்தால் வேலை போகும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இறுகிப்போன நட்டு எதுவாக இருந்தாலும் அந்த ஸ்பேனர்தான் கழற்றும். ஆளாளுக்கு வாங்கிப்போனால் திரும்பி வராது. அதனால் ஒரு சட்டம்: ஸ்பேனரை எடுக்கிறவன் ஒற்றை ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஒற்றை ஷூவோடு ஒருவன் எவ்வளவு தூரம் போய்விடுவான்? வேலை முடிந்ததும் ஸ்பேனரைக் கொடுப்பான், ஷூவை வாங்கிக்கொள்வான். யாரும் எழுதிவைக்காத சட்டம். இன்றுவரை யாரும் மீறாத சட்டம்.

சிரிக்க வேண்டாம் ஐயா. இது பைத்தியக்காரத்தனம் என்று எங்களுக்கும் தெரியும். நல்ல கருவி ஒன்றைத் தொட, காலைப் பணயம் வைக்க வேண்டிய நிலைக்கு எங்களைக் கொண்டுவந்தது யார்?

அன்று மச்சான் ஷூவை வைத்துவிட்டு அந்த ஸ்பேனரை வாங்கிப் போனார். பம்பின் கனமான மூடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசி நட்டு. அப்போது மேற்பார்வையாளர் வருகிற சத்தம். பழைய ஸ்பேனரைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்வார்கள், வைத்திருந்தவருக்கும் வேலை போகும். மச்சான் அதைக் கந்தல் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு, பட்டறை கொடுத்த புது ஸ்பேனரைக் கையிலெடுத்தார். அழுத்தினார். அது வாயைப் பிளந்தது. பிடி வழுக்கி மனுஷன் சாய்ந்தார், மூடி சரிந்தது, ஷூ இல்லாத கால்மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வலியில் முகம் கறுத்துக் கிடந்தது. என்ன கேட்டார் தெரியுமா? காலைப் பற்றிக் கேட்கவில்லை. "துணிக்கு அடியில வச்சத யாராவது எடுத்து, அதுக்கு உரியவங்ககிட்ட கொடுத்துட்டீங்களா மச்சான்?" என்றார். தோழர்களே, இந்த மனிதருக்குத்தான் அஜாக்கிரதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஷூ எங்கே போனதென்று விசாரித்தபோது அவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஸ்பேனர் வைத்திருந்தவர் சிக்குவார். அவர் பேசவில்லை, அதனால் நாமும் பேசவில்லை. நாம் பேசாததால் நாளை அவர் வேலை போகப்போகிறது. நெஞ்சு பொறுக்கிறதா உங்களுக்கு?

இதோ, தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரமாகிவிட்டது, வணிகர் அவர்களுக்கு நன்றி கூறி முடிக்கவும்." கூறுகிறேன் தலைவரே. நன்றி கூறத்தானே வந்திருக்கிறேன்.

வணிகர் அவர்கள் இன்று வாசலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கருவிப் பெட்டி பரிசளித்தார். ரிப்பன் கட்டி, புன்னகையோடு, கைகூப்பிக் கொடுத்தார். நம் தங்கச்சிக்கும் கொடுத்தார். இதோ அவர் மடியில் இருக்கிறது. எந்த ஸ்பேனர் வாயைப் பிளந்து புருஷனின் விரலைத் தின்றதோ, அதே ஸ்பேனரை, அதே கடை, அதே பளபளப்போடு, அவர் மனைவியின் கையில் ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறது. யாருக்கும் உறைக்கவில்லை. யாருக்கும் கூசவில்லை.

தங்கச்சி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கொடம்மா. கை மாற்றிக் கை மாற்றி அனுப்புங்கள்.

வந்துவிட்டது. வணிகர் அவர்களே, இது உங்கள் பெட்டி. இது உங்கள் ஸ்பேனர். இது என் மைக்கின் கழுத்திலுள்ள நட்டு. மாட்டுகிறேன். அளவு சரியாக இருக்கிறது. இப்போது இறுக்குகிறேன். எல்லோரும் பாருங்கள். சுற்றுகிறது. நட்டு சுற்றவில்லை, ஸ்பேனர் சுற்றுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன். சத்தம் கேட்டதா? இதோ வாயைப் பிளந்துவிட்டது. பம்பு மூடி வேண்டாம் ஐயா, ஒரு மைக்கைத் தலைநிமிர வைக்க முடியவில்லை உங்கள் கருவிக்கு.

ஒரு பெட்டி அப்படித்தான் இருக்கும் என்கிறீர்களா? சரி. உங்கள் முன்னால் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதில் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் நீங்களே எடுத்து, நீங்களே வந்து இறுக்குங்கள். வாருங்கள். காத்திருக்கிறேன்.

வரவில்லை. தண்ணீர் குடிக்கிறார்.

தோழர்களே, இந்த அரங்கத்தில் நல்ல ஸ்பேனர் ஒன்று இல்லையா? நான் யாரையும் கைகாட்டவில்லை, யாரையும் வற்புறுத்தவும் இல்லை. இல்லாவிட்டால் இந்த மைக்கை இப்படியே தாங்கிக்கொண்டு பேசிவிட்டுப் போகிறேன்.

யாரது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நிற்பது? கிரேன் ஓட்டும் அக்கா. அக்கா, யோசித்துத்தான் எழுந்திருக்கிறாயா? மேலாளர் ஐயா இங்கேயே இருக்கிறார்.

என்ன சொல்கிறார் கேட்டீர்களா? "ஸ்பேனர் வேணும்னா முதல்ல ஷூவ அனுப்பு."

சட்டம் என்றால் சட்டம்தான். இதோ கழற்றுகிறேன். சாக்ஸில் ஓட்டை இருக்கிறது, தாய்மார்கள் மன்னிக்கவும். என் ஷூ அக்காவிடம் போகட்டும். கொடுத்தாயிற்றா? இப்போது ஸ்பேனர் வரட்டும்.

ஐயா, இதோ பாருங்கள். பளபளப்பு இல்லை. கறுத்துப்போய்க் கிடக்கிறது. பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்ட நாளில் இதையும் நீங்கள்தான் குப்பையில் எறிந்தீர்கள். வாசலில் அந்தத் தடையை ஒட்டுவதற்கு முன்பே, அன்றிருந்த மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் அக்கா எடுத்துக்கொண்டார். நட்டில் மாட்டுகிறேன். ஒரே இறுக்கு. கையை எடுத்துவிட்டேன். மைக் நிற்கிறது.

கைதட்டலை நிறுத்துங்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற நேரம் இல்லை இது.

மேலாளர் ஐயா, என்னைப் பாருங்கள். பாதுகாப்பு என்று எழுதிய பதாகைக்குக் கீழே, பாதுகாப்பு விழாவில், ஒற்றை ஷூவோடு நிற்கிறேன். நான் அஜாக்கிரதையானவனா? இந்த நிமிஷம் இந்த மேஜை சரிந்து என் காலில் விழுந்தால், காலணி அணியாமல் பேசினார் என்று எழுதுவீர்களா? மச்சானுக்கு எழுதினீர்களே, எனக்கும் எழுதுங்கள்.

அக்கா இன்னும் உட்காரவில்லை. பையைத் திறக்கிறார். இன்னொரு ஷூவை எடுத்துக் காட்டுகிறார். தங்கச்சிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மச்சானின் வலது கால் ஷூ. ஸ்பேனர் எப்படியோ துணிக்கு அடியிலிருந்து அக்காவிடம் திரும்பி வந்துவிட்டது, ஷூவை வாங்கிக்கொள்ளத்தான் மச்சான் வரவில்லை. அன்றிலிருந்து இதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் இந்த அக்கா. "நாளைக்கு விசாரணைக்கு நான் வர்றேன், இதையும் கொண்டு வர்றேன்," என்கிறார். வேலை போனால்? "போனாப் போகட்டும்."

அக்காவோடு இன்னும் யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, அக்காவைப் போல எழுந்து நில்லுங்கள். கடைசல் பிரிவு எழுந்துவிட்டது. வெல்டிங் எழுந்துவிட்டது. பின்வரிசைத் தோழர் ஷூவைத் தூக்கிக் காட்டுகிறார். தம்பி, எறியச் சொல்லவில்லை, கீழே வை. மூத்தோர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். தலைவரே, நீங்களுமா? இப்போதுதான் அந்த நாற்காலி ஆடாமல் நிற்கிறது.

முடித்துவிடுகிறேன். எங்கள் பட்டறைச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். எடுத்தவன் ஷூவை வைக்க வேண்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஷூ திரும்பும். அக்கா, இந்தா உன் ஸ்பேனர். நான் எடுத்ததைக் கொடுத்துவிட்டேன், என் ஷூவை அனுப்பு.

மேலாளர் ஐயா, நீங்கள் எங்களிடமிருந்து ஒரு மனிதரின் நல்ல பெயரை எடுத்திருக்கிறீர்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மச்சான் மேல் எழுதிய அந்தச் சொல்லை நீங்கள் அடித்துத் தரும்வரை, உங்கள் ஒற்றை ஷூ இந்த மேடையில் இருக்கட்டும். கழற்றுங்கள் ஐயா. நாங்கள் நின்றுகொண்டே காத்திருக்கிறோம்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. எழுந்து நின்ற தோழர்களுக்கு நன்றி. பதாகை தந்தவருக்கு, இந்த வாய் பிளந்த ஸ்பேனரைத் திருப்பித் தருகிறேன், அதுவே என் நன்றி. வணக்கம்.