அபிதாவுக்கு விழுந்த சீட்டு

இல்லீங்க ரோஸி டீச்சர், கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்குது. மொதல்ல உக்காருங்க, சேவூர் வரைக்கும் இந்த வெயில்ல வந்துட்டீங்க. ஏ ஜெயம், டீச்சருக்கு மோர் எடுத்தா! மாத்தல்ல போயி, ஆறு வருஷம் கழிச்சு வந்து, எம்பொண்ணு அபிதா எங்கன்னு கேக்குறீங்க. போளூர்ல கீறா. கட்டிக் குடுத்தாச்சு. பத்தாவது கூட முடிக்கல.

ஏனா? நல்லா கேட்டீங்க போங்க. எழுபத்தெட்டுல கிளாஸ்ல பட்டிமன்றம் வச்சீங்களே, மறந்துட்டீங்களா? அரசியல் சட்டத்துல ஆணும் பொண்ணும் சமம்னு எழுதிக் கீதே, அது ஊட்டுக்குள்ள வோணுமா வோணாமான்னு. யாரு எந்தக் கட்சின்னு சீட்டு குலுக்குனீங்க. வோணாங்கற சீட்டு எம்பொண்ணுக்கு. டீச்சர் ட்ரெயினிங் படிக்கணும், உங்களாட்டம் கைக்கடியாரம் கட்டிகினு பஸ்சுல போவணும்னு கனா கண்டுகினு இருந்த பொண்ணுங்க அது. அது வாயில அந்தப் பேச்சக் குடுக்கலாமா?

பெத்தவங்கள்லாம் வாங்கன்னு சொல்லி அனுப்புனீங்க, வந்தேன். என்னா பேச்சு! தறியில பாவு நூலு இழுத்துக் கட்டுன எடத்துலயே நிக்குது, நாடாதான் ஊடு நூல இழுத்துகினு அங்கியும் இங்கியும் ஓடுது, ரெண்டும் ஓடுனா பொடவ ஏது, பொம்பள பாவாட்டம் ஊட்ல நிக்கணும், சட்டம் எழுதுனவங்க தறிக்குழியில எறங்குனதில்லன்னுச்சு. பெரிய டீச்சரம்மாவே கைதட்டுனாங்க. மொதப் பரிசு எவர்சில்வர் தட்டு.

அடுத்த மாசமே போளூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்துட்டாங்க. நல்ல எடம், வுட மனசில்ல. நான் படிக்கணும் நைனான்னு கால்ல வுழுந்து அழுவுது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அந்தத் தட்ட எடுத்தாந்து முன்னால வச்சேன். ஊரே கேக்க மேடையில நீதான சொன்ன, பொம்பளன்னா ஊட்லதான்னு, இப்ப மாத்திப் பேசுறியேன்னேன். தட்டயே பாத்துகினு இருந்துச்சு.

கொறையில்லாமத்தான் கீறா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அவ அம்மா ஜெயம் போனா விடிய விடிய பேசுவா. நான் போனா சோறு போடுவா, தண்ணி மொண்டு வப்பா, என்னாண்ட மட்டும் பேச்சு கெடையாது. ஆறு வருஷமாச்சு. நைனான்னு ஒரு வாட்டி கூப்ட மாட்டாளான்னு பஸ் ஏறிப் போயிப் போயி வரேன்.

ஐயோ, நீங்க ஏங்க அழுவுறீங்க? கண்ணத் தொடைங்க. உங்க மேல தப்பு இல்லீங்க. பாக்கறவங்களாண்டல்லாம் டீச்சராலதான்னு சொல்லிச் சொல்லி, உங்களாண்டயும் அதே வாயில வந்துடுச்சு. சீட்டு வுழுந்த அன்னிக்கே ஊட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதுச்சுங்க. எனக்கு இது புடிக்கவே இல்ல நைனா, எப்டி பேசுவேன்னுச்சு. ச்சீ பைத்தியமே, இது சும்மா போட்டிக்குப் பேசறது, நெசமா இன்னா, இதுக்குப் போயி அழுவுறியேன்னேன். நாலு நாளு தறிய நிறுத்திட்டு, பக்கத்துல ஒக்கார வச்சிகினு, ஒவ்வொரு வரியா நாந்தாங்க சொல்லிக் குடுத்தேன்.