பதின்மூன்றாம் நம்பர் டிஸ்க்

— தோள் கழண்டு விழுமாப் போலை கிடக்கு ரீச்சர். காலமை தலை இழுக்கச் சீப்பைத் தூக்கினன், கை காதுக்கு மேலை போகேல்லை.

— வள்ளம் செய்யிற இடத்திலை நாள் முழுக்கப் பைபர் அடிக்கிற கை. அந்தக் கைக்கே நோவெண்டால் மற்ற ஆக்கள் என்ன செய்யிறது, டிலக்ஷன்? நேற்று எத்தினை எறி எறிஞ்சனீர்?

— ஒண்டும் எறியேல்லை. ஒம்பது நாளா டிஸ்க்கைத் தொடேல்லை.

— வாற சனிக்கிழமை டிஸ்க் கோல்ப் சோடிப் போட்டி. அனுஜா உம்மை நம்பியெல்லோ பேர் குடுத்தவள். நீர் என்னடா எண்டால் பட்டப்பகலிலை சேர்ச் ஹோலுக்கை வந்து குந்திக்கொண்டு தொடேல்லை எண்டுறீர்.

— அதுக்குத்தான் வந்தனான். அலுமாரியைத் திறவுங்கோ ரீச்சர். எனக்குப் புது டிஸ்க் வேணும்.

— அப்பிடிச் சொல்லும். விளையாடத் தொடங்கி மூண்டு மாசம், நூறு மீற்றர் பறக்கிற சாமான் வேணும். எல்லாருக்கும் உந்த விசர்தான். எங்களுக்கு டிஸ்க் அனுப்புற எட்வேர்ட் அண்ணை போன கிழமை நோர்வேயிலை இருந்து இன்னொரு பெட்டி அனுப்பினவர். பாரும், பதினாலாம் நம்பரும் கிடக்கு. செம்மஞ்சள்.

— அது வேண்டாம்.

— பன்ரெண்டு?

— வேண்டாம். கிடக்கிறதுக்குள்ளை ஆகச் சோம்பேறி எது? அதை எடுங்கோ.

— சோம்பேறியோ? டிஸ்க்கிலை என்ன சோம்பேறி?

— மெல்லமாப் போறது. கனதூரம் போகாதது. இடப்பக்கம் இழுக்காதது. ஆரிலையும் பட்டாலும் பொத்தெண்டு விழுறது.

— கதைக்கிறது டிலக்ஷன் தானோ? போன மாசம் இதே ஹோலுக்கை நிண்டு, பனைக்கு மேலாலை எறியிறவன் தான் ஆம்பிளை எண்டு சொன்ன பெடியன் எங்கை?

— அவன் இல்லை. நீங்கள் எடுங்கோ.

— சரி, இதைப் பிடியும். பற்றர் எண்டு சொல்லுறது. சங்கிலிக் கூடைக்குக் கிட்ட நிண்டு அதுக்குள்ளை போடுற டிஸ்க். ஆனால் புது ஆள் முதல் எறியிலை இருந்து கூடை வரைக்கும் இதையே எறிஞ்சு பழகலாம். கை திருந்தும். விளிம்பைத் தடவிப் பாரும்.

— சோத்துக் கோப்பை விளிம்பு மாதிரி, மொட்டை.

— மொட்டைதான். மேலை நாலு நம்பர் அடிச்சுக் கிடக்கு, விளங்குதோ? முதலாவது வேகம். இதிலை ரண்டு. அடுத்தது எவ்வளவு மிதக்கும் எண்டது. மூண்டாவது நடுவழியிலை வலப்பக்கம் சாயிறது. நாலாவது, கடைசியா இடப்பக்கம் இழுக்கிறது.

— இதிலை நாலாவது என்ன?

— சைபர்.

— அந்தச் செம்மஞ்சளிலை?

— மூண்டு.

— எனக்குப் பச்சையிலை பதின்மூண்டாம் நம்பர் ஒண்டு தந்தனீங்கள். அதிலை?

— அதிலையும் மூண்டுதான். என்னத்துக்குக் கேக்கிறீர்?

— மூண்டெண்டால் எத்தினை அடி இழுக்கும் ரீச்சர்?

— எறியிற ஆளைப் பொறுத்தது. எட்வேர்ட் அண்ணையோடை விளையாடுற வெள்ளையள் எறிஞ்சால், நேராப் போய் முடிவிலை கொஞ்சம் வளையும். அவ்வளவு வேகம் கையிலை இல்லாத ஆள் எறிஞ்சால், பாதியிலையே வெட்டி இழுத்துக்கொண்டு போயிடும். அதிலை அடிச்சுக் கிடக்கிறது டிஸ்க் தாற வேகம் இல்லை, விளங்குதோ? டிஸ்க் எங்களிட்டைக் கேக்கிற வேகம்.

— கேக்கிற வேகமோ?

— ஓம்.

— நான் போட் எஞ்சின் மாதிரி எண்டெல்லோ நினைச்சன். எட்டுக் குதிரை, பதினைஞ்சு குதிரை, நாப்பது குதிரை. நம்பர் கூடினால் கெதியாப் போகும். எங்கடை பெடியள் அவ்வளவு பேரும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறாங்கள்.

— தெரியும். எட்வேர்ட் அண்ணை முதல் பெட்டி அனுப்பேக்கையே சொன்னவர். ஆறு மாசத்துக்கு ஒருத்தருக்கும் ஒம்பதுக்கு மேலை குடுக்காதை எண்டு.

— அப்ப எனக்கு ஏன் பதின்மூண்டு?

— நீர் உடம்பு வேலை செய்யிற பிள்ளை. சமாளிப்பீர் எண்டு நினைச்சன். அது கிடக்கட்டும். இதையும் எடும், நடுத்தர டிஸ்க். வேகம் அஞ்சு, நூற்றைம்பத்தஞ்சு கிராம். பாரம் குறைஞ்சால் கைக்கு லேசு. உம்மடை பச்சை நூற்றெழுபத்தஞ்சு. இந்த ரண்டும் காணும் உமக்கு. மஞ்சளை எடும், புல்லுக்கை விழுந்தாலும் தெரியும். பச்சையைக் கொண்டுவந்து தாரும், பெட்டிக்கை வைச்சுப் பூட்டுவம்.

— அது என்னட்டை இல்லை.

— கடலுக்கை விட்டிட்டீர் போலை. இப்பிடியே போனால் அரியாலைக் கடலிலை நண்டெல்லாம் டிஸ்க் எறியப் போகுது.

— கடலுக்கை இல்லை. பரமலிங்கம் மாமாவின்ரை கட்டிலுக்குக் கீழை கிடக்கு.

— அனுஜாவின்ரை அப்பாவின்ரை கட்டிலுக்குக் கீழையோ? அந்தாள் கண்ணிலை காயப்பட்டெல்லோ கிடக்குது? வள்ளம் தள்ளிற தடி வழுக்கிக் குத்தினதெண்டு சொல்லிச்சினம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலை நாங்களும் ஜெபிச்சனாங்கள்.

— தடி குத்தேல்லை ரீச்சர்.

— என்ன சொல்லுறீர்?

— தடி இல்லை. என்ரை டிஸ்க்.

— இரும். அந்தக் கதவைச் சாத்தும் முதல். சாத்தியாச்சோ? இப்ப திரும்பச் சொல்லும்.

— திரும்பச் சொன்னாலும் அதுதான். பனைக்கு மேலாலை போச்சுது, பிறகு இடப்பக்கம் வெட்டிச்சுது. நான் தண்ணிக்கை விழுந்திட்டுது எண்டு எடுக்கப் போனன். மாமா கரையிலை குந்தி, கிழிஞ்ச வலை தைச்சுக்கொண்டிருந்தவர். நான் கிட்டப் போகேக்கை ரண்டு கையாலையும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். விரலுக்குள்ளாலை ரத்தம். டிஸ்க் அவற்றை மடியிலை கிடந்தது.

— கடவுளே.

— நீங்கள் தானே சொல்லித் தந்தனீங்கள், டிஸ்க்குக்கு அடியிலை பேரும் போன் நம்பரும் எழுதோணும், துலைஞ்சால் எடுக்கிற ஆள் கூப்பிடும் எண்டு. நான் எழுதியிருந்தனான். மாமா அதைத் தூக்கி, மற்றக் கண்ணாலை என்ரை பேரை வாசிச்சார். வாசிச்சிட்டு, தம்பி நீயோ எண்டார். அவ்வளவுதான். ஒரு பேச்சில்லை, ஒரு தூசணம் இல்லை. அடிச்சிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

— எந்தக் கண்?

— வலக்கண். முந்தநாள் டொக்டர் சொல்லிப்போட்டார், பார்வை வராதாம். வெளிச்சம்கூடத் தெரியாதாம்.

— இனிமேல் வரவே வராதாமோ? சத்திரசிகிச்சை செய்தாலும்?

— நானும் உதைத்தான் கேட்டனான். டொக்டர் என்னைப் பாத்திட்டு, நீர் மகனோ எண்டார். ஓம் எண்டிட்டன்.

— நான் கொஞ்சம் இருக்கோணும். உந்தக் கதிரையை இஞ்சாலை தள்ளும்.

— தண்ணி குடிக்கிறியளோ?

— வேண்டாம். ஆராவது கண்டதோ?

— இல்லை. கரையிலை வேறை ஒருத்தரும் இல்லை.

— நிச்சயமோ?

— நிச்சயம். நான் தான் மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினனான். போற வழியிலை, முதுகிலை சாஞ்சுகொண்டு மாமா சொல்லுறார், தடி குத்தினதெண்டு சொல்லு, டிஸ்க் எண்டு தெரிஞ்சால் சேர்ச் கொமிற்றி நீங்கள் விளையாடுற வளவைப் பூட்டிப்போடும், என்ரை பிள்ளை சோடிப் போட்டி விளையாடோணும் எண்டு. கண்ணாலை ரத்தம் ஊத்துது ரீச்சர். அந்தாள் போட்டியைப் பற்றிக் கதைக்குது.

— அனுஜாவுக்கு?

— தெரியாது. அவள் எனக்கு நன்றி சொல்லுறாள். அப்பாவைக் கொண்டு ஓடின பிள்ளையாம். நேற்றுப் புட்டும் நண்டுக்கறியும் கட்டி அனுப்பினவள். அப்பிடியே அடுத்த வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டன்.

— அப்ப உந்தத் தோள் நோ?

— மாமாவின்ரை வலை. அவர் காயப்பட்ட நாள் தொடக்கம் விடியப்புறம் நான் தான் போய் இழுக்கிறன். ஏழரைக்குப் பைபர் வேலைக்குப் போகோணும். பைபர் அடிக்கிற நோ வேறை, தண்ணியோடை வலை இழுக்கிற நோ வேறை. சும்மா சொல்லக்கூடாது, அந்தாள் இந்த வயசிலையும் இதைத் தனிய இழுத்திருக்குது.

— கேளும் டிலக்ஷன். இப்ப அவசரப்படக்கூடாது. சனிக்கிழமை முடியட்டும். அந்தப் பிள்ளை விளையாடட்டும். வெல்லுற சோடி கொழும்புக்குப் போகும். அதுக்குப் பிறகு ஆறுதலா இருந்து யோசிப்பம், என்ன சொல்லுறது, ஆருக்குச் சொல்லுறது எண்டு.

— மாமாவும் அதைத்தான் சொல்லுறார். சனிக்கிழமை நீ எறியத்தான் வேணும், ஆனால் அந்தச் சாமானோடை வேண்டாம் எண்டு. அதுதான் உங்களிட்டை வந்தனான். ஆனால் ஏலாது ரீச்சர்.

— என்ன ஏலாது?

— அவளுக்குப் பக்கத்திலை நிக்கேலாது. நான் கூடைக்கை போட்டால் அவள் கை தட்டுவாள். தட்டிற ஒவ்வொரு தட்டும் எனக்கு அடி. இண்டைக்கே போய்ச் சொல்லப் போறன். சொன்னாப் பிறகும் என்னோடை எறிய அவள் சம்மதிச்சால், இந்த மஞ்சள் ரண்டும் எனக்கு. இல்லையெண்டால் பின்னேரமே கொண்டுவந்து தாறன்.

— இண்டைக்கோ? விசரே உமக்கு? பொலிசுக்குப் போனால் என்ன செய்வீர்?

— போகட்டும்.

— வளவைப் பூட்டினால்?

— பூட்டட்டும். ஒருத்தரும் என்னை நம்பாட்டிலும் பரவாயில்லை, அவள் ஒண்டை மட்டும் நம்போணும். நான் ஆளைப் பாத்து எறியேல்லை. கூடையைப் பாத்துத்தான் எறிஞ்சனான். அதுக்குத்தான் ரீச்சர், அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிடுங்கோ.

— எந்த வீடியோ?

— அண்டைக்கு எடுத்தனீங்களே, நோர்வேக்கு அனுப்ப. நான் இதுமாதிரி மெல்லமாப் போற டிஸ்க் ஒண்டைத்தான் கையிலை வைச்சிருந்தன். நீங்கள் தான், உது வீடியோவிலை எடுபடாது, பதின்மூண்டை எறியும், தூரம் பறந்தால்தான் எட்வேர்ட் அண்ணையின்ரை ஆக்கள் இன்னும் அஞ்சு கூடைக்குக் காசு சேர்ப்பினம் எண்டனீங்கள்.

— அது வேறை எறி.

— அதேதான் ரீச்சர். அண்டைக்கு நான் எறிஞ்சது அந்த ஒரு எறி. நீங்கள் எடுத்து முடிய, இங்கிலிஸ் கிளாசுக்கு நேரம் போயிட்டுது எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டியள். நான் டிஸ்க் எடுக்கக் கரைப்பக்கம் போனன்.

— அந்த வீடியோவைக் காட்டி ஒண்டும் ஆகாது, டிலக்ஷன். அதிலை ஒண்டும் தெரியாது. டிஸ்க் பனைக்கு மேலை போறதோடை முடியுது. பன்ரெண்டு செக்கன்.

— முடியாதே. எறிஞ்சிட்டு நான் திரும்பிப் பாத்தனான். டிஸ்க் பனைக்கு அங்காலை மறைஞ்சாப் பிறகும் நீங்கள் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். நான் வடிவோ எண்டு கேட்டதுக்குத் தலையும் ஆட்டினனீங்கள்.

— ஓம். நிண்டனான்.

— அப்ப மிச்சம் எங்கை?

— மிச்சம் இல்லை. நான் வெட்டினனான்.

— ஏன் வெட்டினனீங்கள்? வெறும் வானமும் பனையும் தானே?

— படத்திலை வானமும் பனையும் தான். சத்தம் கிடந்தது.

— என்ன சத்தம்? எனக்குக் காத்திலை ஒண்டும் கேக்கேல்லையே. சொல்லுங்கோ ரீச்சர். என்ன சத்தம்?

— அந்தாள் கத்தின சத்தம். போனைக் காதோடை வைச்சுக் கேக்க, என்ரை கண் எண்டு கத்தினது வடிவா விளங்கிச்சுது. அண்டைக்குப் பின்னேரமே ரண்டு தரம் போட்டுக் கேட்டிட்டுத்தான் அதை வெட்டி நோர்வேக்கு அனுப்பினனான். நீ நாளைக்கு வலை இழுக்கப் போகாதை டிலக்ஷன். பரமலிங்கம் அண்ணைக்கு ஒரு கண் கடன் கிடக்குது, அது என்ரை கடன்.